மத நிறுவனக் கல்லூரியில் பாகுபாடா? மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"இது எங்க மேனேஜ்மென்ட் காலேஜ். இங்கே இப்படித்தான். பிடிக்கலைன்னா டீசி வாங்கிட்டுப் போ."

தேவாலயமோ, மடமோ, ஜமாஅத்தோ, சமூக அறக்கட்டளையோ நடத்துகிற கல்லூரியில் பாகுபாட்டைப் பற்றி வாய் திறக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். அந்த நிமிடத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? "அவங்க காலேஜ், அவங்க மதம், நமக்கென்ன உரிமை" என்று தோன்றும். பல பேருடைய போராட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

முடிய வேண்டியதில்லை. கல்லூரியின் மத அடையாளம் ஒரு விஷயம், உங்களை அது நடத்தும் விதம் வேறு விஷயம். முதலாவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாதுகாப்பைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. நிர்வாகம் இரண்டையும் கலக்கப் பார்க்கும். உங்கள் புகாரை "மதத்துக்கு எதிரான புகார்" என்று மாற்றிவிட்டால் அவர்களுக்கு வேலை சுலபம். இரண்டையும் கடைசி வரை பிரித்தே வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. இந்த வழிகாட்டி முழுக்க அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைப்புப் பெற்று பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். போன்ற பட்டம் தரும் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். குருமடம், மதரசா, வேத பாடசாலை என்று மதக் கல்வி மட்டும் தரும் இடங்களுக்கு இதில் உள்ள யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வழிகள் பொருந்தாது.

முதல் படி: எது பாகுபாடு, எது இல்லை என்று பிரியுங்கள்

கோபத்தில் எல்லாமே அநியாயமாகத் தெரியும். ஆனால் புகாரில் பலவீனமான ஒரு குற்றச்சாட்டு இருந்தால், விசாரணை முழுவதும் அதைச் சுற்றியே ஓடும். அதனால் இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுபான்மைக் கல்லூரி தன் சமூக மாணவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தரலாம். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. 15(5) பிரிவு சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்து அவர்களுக்கு விலக்குத் தருகிறது. வளாகத்தில் சிற்றாலயம், பிரார்த்தனைக் கூடம், தங்கள் பண்டிகைக்கு விடுமுறை, விடுதியில் எல்லோருக்கும் சைவ உணவு, எல்லோருக்கும் ஒரே சீருடை, இவற்றையெல்லாம் பாகுபாடு என்று நிறுவுவது கடினம். பிடிக்காமல் இருக்கலாம், அது வேறு.

ஆனால் சேர்க்கை முடிந்து வகுப்பில் உட்கார்ந்த பிறகு, இன்டர்னல் மார்க், வருகைப் பதிவு, ஹால் டிக்கெட், விடுதி அறை, உதவித்தொகைக் கையெழுத்து, மாணவர் பேரவைப் பதவி, ஒழுங்கு நடவடிக்கை என எதிலும் மதம், சாதி, பாலினம் பார்த்து இரண்டு அளவுகோல் வைக்க எந்தப் பிரிவும் அனுமதிக்கவில்லை. நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1958இல் கேரளக் கல்வி மசோதா வழக்கிலேயே சொல்லிவிட்டது.

வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்துவது தனி விஷயம். 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவர் சம்மதமில்லாமல் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சுயநிதிக் கல்லூரியும் அங்கீகாரம் பெற்றதுதான் என்பதால் அதற்கும் இது பொருந்தும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "கல்லூரியின் ஆன்மிக நிகழ்ச்சிகளில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், "அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்க அனுமதி வேண்டும்" என்று ஒரு கடிதம் கொடுங்கள். மாற்று வழியை நீங்களே சொல்லும்போது அது அடங்காமை என்று யாரும் திருப்ப முடியாது.

நடந்துகொள்ளும் விதமும் முக்கியம். 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை, அவ்வளவுதான். அந்த எழுந்து நின்ற மரியாதை 1986இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது. பிரார்த்தனை நடக்கும்போது அமைதியாக நிற்பதும், அதில் கலந்துகொள்ள மறுப்பதும் ஒன்றாகவே சாத்தியம்.

உணவிலும் விடுதியிலும் நடக்கும் பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி வைத்ததை எதிர்த்து 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய குரல் மாகாண அரசியலையே உலுக்கியது. தனித் தட்டு, தனி வரிசை, சாதி பார்த்து அறை ஒதுக்குவது என்று எந்த வடிவத்தில் வந்தாலும் இதில் சமரசத்துக்கு இடமில்லை.

தலைமறைப்பு, தொப்பி, சீருடை பற்றிய சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. கர்நாடக ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் 2022 அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்புக் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் மும்பைத் தனியார் கல்லூரி ஒன்று ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் ஆகியவற்றுக்கு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. பொட்டும் திலகமும் வைத்து வருபவர்களைத் தடுப்பீர்களா என்றும் கேட்டது. உங்கள் புகார் சீருடை பற்றியது என்றால் அந்தக் கேள்விதான் உங்களுக்கான பாதை. "என் உடை என் உரிமை" என்பதைவிட, "மற்றவர்களுடைய அடையாளத்துக்கு அனுமதி, எனக்கு மட்டும் ஏன் இல்லை" என்பது உறுதியான வாதம்.

இரண்டாவது படி: உங்கள் கல்லூரி எந்த வகை?

உதவிபெறும் கல்லூரியா, சுயநிதியா, தன்னாட்சியா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? இது தெரியாமல் எந்தக் கதவையும் தட்டாதீர்கள். 29(2) பிரிவு, மதம், சாதி, இனம், மொழியைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிறுவனங்களுக்கு மட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவிபெறும் கல்லூரியில்தான் நேரடியாகப் பலன் தரும்.

தமிழ்நாட்டில் ஒரே வளாகத்தில் ஷிஃப்ட் ஒன்று உதவிபெறும் பிரிவாகவும் ஷிஃப்ட் இரண்டு சுயநிதிப் பிரிவாகவும் இருப்பது சகஜம். உங்கள் பாடப்பிரிவு எதில் வருகிறது என்று கட்டண ரசீதைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்குக் கல்லூரி கொடுத்த சுயமதிப்பீட்டு அறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கும். எந்தப் பாடம் உதவிபெறுவது, எது சுயநிதி என்ற பட்டியல் அதில் கிடைக்கும்.

மூன்றாவது படி: ஒப்பீட்டை எழுதுங்கள்

சமமின்மையை நிரூபிக்க ஒரே வழி ஒப்பீடு. "என்னை மோசமாக நடத்தினார்" என்பது மனக்குறை. "ஒரே நிலையில் இருந்த இன்னொருவரை அப்படி நடத்தவில்லை" என்பதுதான் பாகுபாடு. புகாரில் இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் குழுவுக்கு முன்னால் அது நிற்காது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் செமஸ்டர், அசைன்மென்ட் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இரண்டு மாணவர்கள் திங்கட்கிழமை கொடுக்கிறார்கள். ஒருவருடையதை வாங்கி 5க்கு 4 போடுகிறார்கள். மற்றவருக்குப் பூஜ்யம், காரணம் தாமதம். இதை எப்படிப் பதிவு செய்வது? கடைசி நாள் அறிவிக்கப்பட்ட வாட்ஸ்அப் செய்தி, நீங்கள் கொடுத்த நாள், மற்றவர் கொடுத்த நாள், இருவருக்கும் கிடைத்த மார்க், துறையில் ஒட்டிய இன்டர்னல் பட்டியலின் புகைப்படம். இதோடு, தாமதத்துக்குப் பூஜ்யம் என்று ஏதாவது எழுதப்பட்ட விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். விதி இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த நண்பரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அவருக்குக் கிடைத்த சலுகை உங்களுக்கும் வேண்டும் என்பதே உங்கள் கோரிக்கை, அவரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதல்ல. பல சமயம் அவரே சாட்சி சொல்ல முன்வருவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், அருகில் யார் இருந்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "சாதி பற்றிக் கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் போதாது, அந்த வார்த்தை வேண்டும். எழுதக் கை கூசும். ஆனாலும் எழுதுங்கள், விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் வந்ததைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஒலிப்பதிவு இருந்தால் அசல் கோப்பையும் அது பதிவான போனையும் பத்திரப்படுத்துங்கள். வெட்டி ஒட்டிய பதிவு, இருக்கிற நம்பகத்தையும் கெடுத்துவிடும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதை அப்போது வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

நான்காவது படி: கையெழுத்து கேட்டால்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நீங்கள் வாய்மொழியாகக் குறை சொன்ன அடுத்த நாளே ஹெச்ஓடி அறைக்குக் கூப்பிடுவார்கள். மேஜையில் ஒரு வெள்ளைத் தாள். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, இதோட முடிச்சுக்கலாம்." அந்த அறையில் நாலு பெரியவர்கள், நீங்கள் ஒருவர். வெளியில் வந்தால் போதும் என்று இருக்கும்.

எழுதாதீர்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் புகார் விசாரணைக்கு வரும்போது, "இந்த மாணவர் ஏற்கெனவே ஒழுங்கீனத்தை ஒப்புக்கொண்டவர்" என்று அந்தத் தாள்தான் முதலில் வெளியே வரும். "சார், என் மேல் உள்ள குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், நான் எழுத்தில் பதில் கொடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல், எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். ஏதாவது நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து என்றால், "பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியோடு போடுங்கள். வற்புறுத்தலில் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? சரி, அதுவும் சரிசெய்யக்கூடியதுதான். அன்றே முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல்: எந்தச் சூழலில், யார் யார் முன்னிலையில் எழுதவைத்தார்கள், அதை நான் திரும்பப் பெறுகிறேன் என்று.

ஐந்தாவது படி: வீட்டில் முதலில் நீங்கள் சொல்லுங்கள்

"அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பது அடுத்த கட்டம். கல்லூரி வாசலில் முதன்முதலாக விஷயத்தைக் கேள்விப்படும் அப்பா, ஃபாதரிடமோ சிஸ்டரிடமோ சுவாமியிடமோ கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதனால் நிர்வாகம் கூப்பிடுவதற்கு முன்பே நோட்டுப் புத்தகத்தோடு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக இரண்டு விஷயம் சொல்லுங்கள்: எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், டீசி வேண்டும் என்று வாயால்கூடச் சொல்ல வேண்டாம். வீட்டில் ஆதரவு கிடைக்காத நிலை என்றால் நம்பிக்கையான ஒரு பேராசிரியரையோ உறவினரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: முறையான புகார்

2023 ஏப்ரலில் வந்த யுஜிசி மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண் உறுப்பினரும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். மாணவர் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக இருப்பார். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, பெண்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளி மாணவர்கள் மீதான பாகுபாடு, சான்றிதழைப் பிடித்து வைப்பது, விவரக் கையேட்டில் இல்லாத பணம் கேட்பது, உதவித்தொகையைத் தாமதிப்பது எல்லாம் இந்தக் குழுவின் வரம்பில் வரும். புகார் வந்து 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை கொடுத்து, நகலை உங்களுக்கும் தர வேண்டும்.

"சிறுபான்மையினர்" என்று விதி சொல்வதைக் கவனியுங்கள். இந்து அறக்கட்டளைக் கல்லூரியில் படிக்கும் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவ மாணவருக்கு இது நேரடியாக உதவும். கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கும் இந்து மாணவரோ, அதே மதத்தில் வேறு பிரிவைச் சேர்ந்தவரோ பாதிக்கப்பட்டால், மதிப்பெண், விடுதி, சான்றிதழ் போன்ற பொதுவான தலைப்புகளின் கீழ் புகாரை அமையுங்கள். பாகுபாட்டை அதற்கான காரணமாகக் காட்டுங்கள்.

சாதி, மதம், பாலினம், இயலாமை சார்ந்த பாகுபாட்டுக்கென்றே யுஜிசியின் 2012 சமத்துவ விதிமுறைகளும் உண்டு. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் கல்லூரியில் இருக்க வேண்டும் என்றும், புகார் 60 நாளில் முடிவு செய்யப்பட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. சாதிப் பாகுபாட்டால் உயிரை மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தினர் சொல்லும் மாணவர்கள் ரோஹித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றது இந்த விதிமுறைகள் காகிதத்திலேயே கிடக்கின்றன என்பதற்காகத்தான். இவை திருத்தத்துக்கு உள்ளாகிவருவதால், புகார் எழுதும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று யுஜிசி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி ஆரம்பிக்கலாம்:

"பெறுநர்: தலைவர், மாணவர் குறைதீர்ப்புக் குழு. பொருள்: மூன்றாம் செமஸ்டர் இன்டர்னல் மதிப்பெண் வழங்கியதில் பாகுபாடு குறித்து. நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி. கீழ்க்கண்ட மூன்று நிகழ்வுகளில், என்னைப் போன்றே இருந்த பிற மாணவர்களுக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு எனக்கு மறுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்குமான ஆவணம் இணைக்கப்பட்டுள்ளது."

அப்புறம் நிகழ்வுகள், தேதி வரிசையில். கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்: மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும், என் தேர்வுத்தாளை வேறு ஆசிரியர் திருத்த வேண்டும், விசாரணை முடியும் வரை என் மீது எந்தப் பழிவாங்கும் நடவடிக்கையும் கூடாது. "நியாயம் வேண்டும்" என்று முடிக்கும் கடிதத்துக்கு "நியாயம் வழங்கப்பட்டது" என்று பதில் வரும்.

கடிதத்தில் கல்லூரியின் மதத்தைப் பற்றியோ, நிறுவனர்களைப் பற்றியோ, நம்பிக்கையைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று நிகழ்வுகளையும் ஓரங்கட்டிவிடுவார்கள். மாறாக, நிறுவனத்தின் குறிக்கோள் வாசகத்தில் சமத்துவம், அன்பு, சேவை பற்றி ஏதாவது இருந்தால் அதை மரியாதையோடு மேற்கோள் காட்டலாம். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். அந்தக் கல்லூரிகளில் அந்த வாசகத்தை உண்மையாகவே நம்பும் பேராசிரியர்களும் துறவிகளும் இருக்கிறார்கள். உங்களுக்கு உள்ளிருந்து உதவப்போவது அவர்கள்தான்.

நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்பி, விநியோக விவரத்தை அச்செடுத்து வையுங்கள். கல்லூரிப் போர்ட்டல் இருந்தால் அதிலும் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது படி: விசாரணையில்

விசாரணைக்கு நேரில் போகலாம், அல்லது உங்கள் சார்பில் பிரதிநிதி ஒருவரை அனுப்பலாம், விதியிலேயே இடம் இருக்கிறது. ஆவணங்களை எண்ணிட்டு மூன்று செட் எடுத்துச் செல்லுங்கள். யார் மீது புகாரோ அவரே குழுவில் உட்கார்ந்திருந்தால், ஆரம்பத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பின்னால் சொன்னால் எடுபடாது. முடிந்து வந்ததும் அன்றிரவே, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்பதைச் சுருக்கி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் எழுதும் நடவடிக்கைக் குறிப்பு எப்படி இருந்தாலும், உங்கள் குறிப்பும் ஒன்று இருக்கும்.

எட்டாவது படி: குறைதீர்ப்பாளர்

குழுவின் முடிவு கிடைத்து 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 'ஒம்புட்ஸ்பெர்சன்' என்று பல்கலைக்கழக இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ இந்தப் பொறுப்பில் இருப்பார். 30 நாளில் தீர்க்க முயல வேண்டும் என்பது விதி. வெறும் மறுமதிப்பீடு கேட்டுப் போனால் எடுக்க மாட்டார்கள். ஆனால் குறிப்பிட்ட பாகுபாட்டைச் சுட்டிக்காட்டினால் எடுக்க இடம் உண்டு. மூன்றாவது படியில் ஒப்பீட்டை எழுதச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். கல்லூரி உத்தரவை நிறைவேற்றாவிட்டால், நிதியை நிறுத்துவது முதல் இணைப்பை ரத்து செய்யப் பரிந்துரைப்பது வரை யுஜிசிக்கு அதிகாரம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே பல கல்லூரிகள் மேல்முறையீட்டுக்கு முன் பேச்சுவார்த்தைக்கு வரும். வந்தால் பேசுங்கள். ஆனால் முடிவை எழுத்தில் வாங்கும்வரை 15 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஒன்பதாவது படி: தனி வழி உள்ள புகார்கள்

பாலியல் தொல்லை என்றால் குறைதீர்ப்புக் குழு அல்ல, உள்ளகப் புகார்க் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

எஸ்சி, எஸ்டி மாணவரைச் சாதிப் பெயர் சொல்லிப் பிறர் முன்னிலையில் இழிவுபடுத்தினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். கல்லூரி விசாரணைக்குக் காத்திருக்காமல் காவல் நிலையத்துக்கே போகலாம். கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்ப மாணவர்களுக்கு எஸ்சி தகுதி இல்லாததால் இந்தச் சட்டம் உதவுவதில்லை. ஒரே வேதனையை அனுபவிக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் சட்டம் கைகொடுப்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். ஆனாலும் தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு எந்த மதத்தையும் விலக்கவில்லை. தீண்டாமையின் பேரில் கல்வி நிறுவனத்திலோ விடுதியிலோ அனுமதி மறுப்பது 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் குற்றம். புகாரை அந்த வழியில் கொண்டுபோகலாமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஆவணங்களை எடுக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தனியார் கல்லூரிகளும் இதற்கு உட்பட்டவை என்று 2019இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். குறைதீர்ப்புக் குழு உறுப்பினர் பட்டியல், இன்டர்னல் மார்க் போடும் விதிமுறை, உங்களுடைய திருத்தப்பட்ட விடைத்தாள், இவற்றைக் கேளுங்கள். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. சுயநிதிக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்திடமும் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்திடமும் கேட்கலாம்.

பத்தாவது படி: உயர் நீதிமன்றம்

"நாங்க பிரைவேட் டிரஸ்ட், எங்க மேல ரிட் போட முடியாது" என்பார்கள். ரிட் என்பது உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு. 1989இல் ஆண்டி முக்தா வழக்கில், குஜராத்தில் ஒரு சுவாமியின் பெயரால் அமைந்த அறக்கட்டளை இதே வாதத்தைத்தான் வைத்தது. உதவிபெறும் கல்லூரியை நடத்துவது பொதுக் கடமை, அதனால் ரிட் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

விடுதி விதிகளில் பெண்களுக்கு ஒரு சட்டம், ஆண்களுக்கு ஒரு சட்டம் என்று அவதிப்படும் மாணவிகள் 2019 கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படிக்க வேண்டும். கோழிக்கோடு மாவட்டத்தில் உதவிபெறும் கல்லூரி ஒன்றின் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை மாணவிகள் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி. மறுத்த மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது நீதிமன்றம்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். தேர்வு எழுத விடவில்லை, ஹால் டிக்கெட் தரவில்லை என்பது போன்ற அவசரத்தில் மேலே சொன்ன படிகளை எல்லாம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்காதீர்கள். நேராக வழக்கறிஞரைப் பார்த்து இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

போராட்டம் நடக்கும்போது

வருகைப் பதிவை 75 சதவீதத்துக்குக் கீழே விடவே விடாதீர்கள். உங்களைத் தேர்விலிருந்து நிறுத்த அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய முறையான ஒரே காரணம் அதுவாக இருக்கலாம். கட்டணத்தைக் கெடுவுக்கு முன் கட்டி ரசீது வாங்குங்கள். அசைன்மென்ட்டை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

முகநூலிலும் இன்ஸ்டாவிலும் ஆசிரியர் பெயரைப் போட்டு எழுத மனம் துடிக்கும். முறையான புகார் முடியும்வரை பொறுங்கள், அவதூறு வழக்கு என்ற இன்னொரு சுமை வேண்டாம். மாணவர் அமைப்புகளின் ஆதரவை வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் மனுவில் என்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கோஷத்தில் மதம் நுழைந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

தூக்கம் கெடும். பழகிய நண்பர்கள் சிலர் கேன்டீனில் வேறு மேஜைக்கு மாறுவார்கள். அது உங்கள் மீதான வெறுப்பு அல்ல, அவர்களுக்கும் இன்டர்னல் மார்க் இருக்கிறது. தாங்க முடியாத அளவுக்குப் போனால் டெலிமானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். படிப்பை வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. புகாரைத் திரும்பப் பெறாமலே போகலாம். டீசி விண்ணப்பத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதாமல், நிலுவையில் உள்ள புகாரின் தேதியைக் குறிப்பிடுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

உங்களுக்குச் சாதகமாக முடிவு வந்தால் அது நிறைவேறியதா என்று நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். திருத்திய மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, விடுதிப் பதிவேட்டில் பெயர் திரும்ப ஏறியதா, பிடித்து வைத்த உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து விழுந்ததா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் நடக்கவில்லை என்றால், உத்தரவின் நகலை இணைத்து முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள்.

படிப்பு முடிந்து சான்றிதழ்கள் வாங்கும் நாளில் நன்னடத்தைச் சான்றிதழைக் கவுன்ட்டரிலேயே பிரித்துப் படியுங்கள். மற்றவர்களுக்கெல்லாம் "நன்று" என்று இருந்து உங்களுக்கு மட்டும் "திருப்திகரம்" என்று இருந்தால், அந்த இடத்திலேயே மறுப்பு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.